பதினேழாம் நம்பர் அறை இறங்கிய வாரம்

வயதான அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் லாட்ஜ் பார்ப்பது எப்படி என்று என்னைக் கேட்டால், வெந்நீர் வருமா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பக்கத்தில் சூடான இட்லி கிடைக்குமா என்பதையெல்லாம் அப்புறம் விசாரியுங்கள், முதலில் படியை எண்ணுங்கள், தங்குகிற ஒவ்வொரு நாள் காலையிலும் எண்ணுங்கள், நேற்றிருந்த படி இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

என் அப்பா தொம்மை மச்சாது தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் முப்பத்தாறு வருஷம் எஞ்சின் டிரைவராக இருந்தவர். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் எஞ்சின் ரூமுக்கு இரும்பு ஏணியில் இறங்கி ஏறி இறங்கி ஏறியே முட்டி இரண்டும் தேய்ந்து, அதன் பிறகு கண்ணிலும் புரை விழுந்து, எங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு வெளிச்சம் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்த ஃபிளாட்டின் படியில்தான் அம்மா வழுக்கி விழுந்தாள். பால் வாங்கப் போனவள் பால் பாக்கெட்டோடு முதல் மாடித் திருப்பத்தில் கிடந்தாள். அன்றையிலிருந்து நான் படியைக் கண்டால் எண்ணுகிறவளாகிவிட்டேன். பயம் வந்தால் ஜெபமாலையைப் பிடி என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கியிருந்ததால் படி ஒன்றுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே, மணி ஒன்றுக்கு ஒரு படி. என் வீட்டுக்காரர் கப்பலில் போகிறவர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் முகம் பார்க்க முடியும். மூன்று வயசு மகள் டெல்ஃபியையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு நான் ஒருத்தி. வாசல் கதவில் மேலே ஒரு கொண்டி அடித்து வைத்திருந்தேன், இரண்டு பேருக்கும் எட்டாத உயரத்தில்.

கண் ஆபரேஷன் மதுரையில் என்று முடிவானதும் ஏழு லாட்ஜுக்குப் போன் போட்டேன். ஊருக்கு வெளியே ரிங் ரோட்டில் லிஃப்டுக்குள் கண்ணாடி வைத்த ஹோட்டல் இருக்கிறது, அதை எடு என்று என் நாத்தனார் சொன்னாள். அப்பாதான் கேட்கவில்லை.

"ஏட்டி ஹில்டா, ரெண்டு வருஷமா சத்தமில்லாம இருக்கேன். ஊருக்கு நடுவுல எடு பிள்ள. பஸ் ஹாரன் கேக்கணும், டீ ஆத்துற சத்தம் கேக்கணும்."

ஸ்டேஷனுக்கு எதிரே, பாத்திரக் கடைகளுக்கும் சாக்குக் கடைகளுக்கும் நடுவில் போகிற ஒரு சந்தில் இருந்தது மேகநாதா லாட்ஜ். போனை எடுத்தவர் மேனேஜர் கோவர்த்தனன்.

"லிஃப்ட் இருக்கா சார்?"

"இல்லம்மா. கூட வர்றவங்க வயசானவங்களா?"

"எழுபத்தெட்டு. முட்டி முடியாது."

"அப்ப லிஃப்ட் வேண்டியிருக்காதும்மா. தைரியமா வாங்க."

கீழ்த்தளத்தில் அறை தருவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை போய் இறங்கினால் கையில் கொடுத்தது பதினேழாம் நம்பர் சாவி, மூன்றாம் மாடி. நான் சண்டைக்கு நின்றேன். அவர் கோபப்படவில்லை, "இன்னைக்கு ஒரு நா பொறுத்துக்கங்கம்மா" என்று ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். பள்ளிக்கூட விண்ணப்பமானாலும் பங்குக் கோவில் குடும்ப அட்டையானாலும் வீட்டில் மூத்தவர் பெயர்தான் முதலில், அதுவும் தனித்தனி எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் என்று பழகிய கை, திரு. தொம்மை மச்சாது என்று முதல் வரியில் எழுதி, அதன் கீழே என் பெயர், அதன் கீழே டெல்ஃபின். கோவர்த்தனன் அந்த முதல் வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, அந்த மாடியின் சத்தத்தைக் கேட்டு, எழுந்து, ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பதினெட்டு, பதினெட்டு, பதினேழு; மொத்தம் ஐம்பத்துமூன்று. ஜெபமாலையில் சின்ன மணிகளும் ஐம்பத்துமூன்றுதான். மாதாவே எனக்காக அளந்து கட்டி வைத்த லாட்ஜ் என்று அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டது நிஜம்.

செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வராந்தா இரண்டாம் மாடி வராந்தாவாக இருந்தது. கதவில் பதினேழு என்றுதான் இருந்தது, கொடியில் எங்கள் துண்டுதான் காய்ந்தது, ஆனால் முப்பத்தாறாவது மணியில் தெரு வந்துவிட்டது. கவுண்டரில் கோவர்த்தனன் சாவிப் பலகையில் மூன்றாம் வரிசை ஆணியிலிருந்து எங்கள் மாற்றுச்சாவியை எடுத்து இரண்டாம் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பதுபோல அவருக்கு அது ஒரு வேலை.

"இறங்கிருச்சுங்களா? நல்லது. ஐயாவுக்கு இன்னைக்கு ஆபரேஷன்ல, சிரமமில்லாம போயிட்டு வாங்க."

பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒச்சம்மா அக்காதான் எனக்கு விவரம் சொன்னாள். உசிலம்பட்டிக்காரி, மாமியாருக்குச் சர்க்கரைப் புண்ணுக்கு வைத்தியம் பார்க்க வந்து மூன்று வாரமாகத் தங்கியிருக்கிறாள். "பெரியவுக கூட இருந்தா ரூமு எறங்கி வரும் தங்கச்சி. முட்டிக்கு எரக்கப்பட்டு வரும். இந்த வீதிக்கே தெரியும், உனக்குத்தேன் புதுசு." அதைச் சொல்லிவிட்டு வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டாள், குழாயில் தண்ணீர் ஏழு மணிக்கு நின்றுவிடும் என்பதுபோல. டீக்கடை மாஸ்டர் எங்களுடைய ஃபிளாஸ்கை அன்றைக்கு எந்த மாடிக்குக் கொடுத்தனுப்புவது என்று பார்க்க அண்ணாந்து ஜன்னலில் தொங்கும் டெல்ஃபியின் மஞ்சள் கவுனைத் தேடுவார். பேப்பர் போடுகிறவர் கவுண்டரில் நின்று ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் ஏறுவார். துணி தேய்ப்பவர் மூட்டையில் அறை நம்பரை எழுதுவார், மாடியை எழுதுவதில்லை.

புதன்கிழமை முதல் மாடி. அன்றைக்குத்தான் கட்டுப் பிரித்தார்கள். அப்பா ஆட்டோவில் வந்து இறங்கி, பாத்திரக் கடை வாசலில் அடுக்கியிருந்த எவர்சில்வர் குடங்களைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, உனக்கு நரைச்சிருக்கே."

"முப்பத்திரெண்டு வயசாச்சுப்பா."

"எனக்குத் தெரியாமலே நரைச்சிட்டியே பிள்ள" என்று என் காதோரத்தை விரலால் தொட்டார்.

வியாழக்கிழமை கீழ்த்தளம். கதவைத் திறந்தால் கவுண்டர், கவுண்டரைத் தாண்டினால் சந்து. ஒரு படிகூட இல்லை. அப்பா இரண்டு வருஷத்துக்குப் பிறகு யார் கையும் பிடிக்காமல் தெருவுக்குப் போனார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸின் ஊர்ப்பெயரையெல்லாம் சத்தமாக வாசித்தார், மேலூர், நத்தம், அழகர்கோவில், சிவகங்கை என்று அவர் வாசிக்க வாசிக்க மாஸ்டர், "ஐயா கண்டக்டரா இருந்தீகளோ?" என்று கேட்டார், பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது அம்மா இருந்தபோது. அதனால்தான் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. இறங்குகிற அறை கீழ்த்தளம் வந்ததும் நின்றுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். இரக்கத்துக்கு எந்த இடத்தில் நிற்க வேண்டுமென்று தெரியாது.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தபோது எதிரே படி மேலே போனது.

வராந்தாவில் எரிந்த பல்பு மேலேயிருந்து நீண்ட ஒயரில் தொங்கியது. சுவர் ஈரமாக இருந்தது. நான் திரும்பி அறைக்குள் ஓடி ஜன்னலைத் திறந்தேன். மண்சுவர் இருக்கும் என்று நினைத்தேன், சுவர் இல்லை, இருட்டுதான் இருந்தது, காற்று வந்தது, அந்தக் காற்றில் டீசலும் உப்புத்தண்ணீரும் கலந்த ஒரு வாசம். கடலுக்கும் மதுரைக்கும் எத்தனை தூரம்! அப்பா கட்டிலில் உட்கார்ந்து மூக்கை நிமிர்த்தி மோந்தார். "எஞ்சின் ரூம் வாசம்லா இது" என்றார். டெல்ஃபி ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று இருட்டைப் பார்த்து டாட்டா காட்டினாள்.

"யாருக்குடி டாட்டா காட்டுத?"

"தாத்தாவுக்கு."

"தாத்தா இங்கல்லா இருக்காங்க."

"வேற தாத்தா. நெறைய தாத்தா, மம்மி. பாட்டியும் இருக்கு."

அவளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஏறினேன். பதினேழு படிக்கு மேலே கவுண்டர். கோவர்த்தனன் கவுண்டருக்குக் கீழே குந்தி உட்கார்ந்து சாவியை மாட்டிக்கொண்டிருந்தார். சாவிப் பலகை கவுண்டர் மட்டத்தோடு முடியவில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அதற்குக் கீழேயும் வரிசை வரிசையாக ஆணி, தரை வரைக்கும் ஆணி, தரையில் ஒரு ஓட்டை போட்டு அதற்குள்ளும் ஆணி.

"எங்க சார் போகுது இது?"

அவர் எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டார். "அது எனக்கும் தெரியாதும்மா. நாலாம் நம்பர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார், போயி நாலு வருஷமாகுது. தெனமும் நாலு மணிக்கு மணியடிச்சுக் காபி கேக்குறாரு. ஃபிளாஸ்க்கைக் கயித்துல கட்டி எறக்குறோம். மொதல்ல கெணத்துக் கயிறு பத்துச்சு, இப்ப முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு எறக்குறோம். காலி ஃபிளாஸ்க்கு கழுவி வரும்."

அதற்குள் ஒச்சம்மா அக்கா வந்துவிட்டாள். இறங்கிப்போன ஒன்பது பேர் கீழே இருக்கிறார்கள் என்றும், அமாவாசைக்கு அமாவாசை அவர்கள் பிள்ளைகள் வந்து கீழே இறங்குகிற படிக்கட்டு ஓட்டையில் தலையை விட்டுப் பேசிவிட்டுப் போவார்கள் என்றும், முடிவெட்டுகிறவர் மாதம் ஒரு தடவை கால் தாங்குகிற மட்டும் இறங்கி வருகிறார் என்றும், வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த டீச்சரம்மா ஓட்டையில் எட்டிப்பார்த்துப் பெயரைக் கூப்பிட்டு, ஒன்பது பேரும் ஆஜர் சொன்னதும், குடியிருக்கிறார் என்றே குறித்துக்கொண்டு போனாள் என்றும் சொன்னாள்.

"உங்க மாமியா மட்டும் முதல் மாடியிலயே இருக்காங்களே அக்கா?"

"நான் எம்பேர மொதல்ல எழுதுனேன் தங்கச்சி. யாரு பேரு மொத வரியில இருக்கோ அவுக முட்டிக்குத்தேன் ரூமு எரங்கும். எனக்கும் வலி உண்டு, ஒரு மாடி எறங்கி நின்னுருச்சு. மருமக பேரு மொதல்ல, மாமியா பேரு கீழயான்னு கெழவி மூணு வாரமா எங்கூடப் பேசல. பேசாட்டி போகட்டும், இருக்காள்ல?"

கோவர்த்தனன் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கே சொல்லிருக்கணும்மா. அப்பா பேரை அத்தனை மரியாதையா எழுதுற பிள்ளைகிட்ட, அதை மொதல்ல எழுதாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"இப்ப அடிச்சிருதேன். பேனாவக் குடுங்க."

அவர் ரிஜிஸ்டர்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். போன வருஷம் ஒரு மகன் அடித்தானாம், ஒரே ஒரு கோடு. அறை நின்றது. ஆனால் உள்ளே இருந்த பெரியவர் மகனைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டார், பிறகு நான் யாரு என்று கேட்டார், அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். குழந்தை பெயரை முதலில் எழுதலாமா என்றேன். அவர் மொட்டை மாடி இருக்கும் திசையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளை பேரை மொத வரியில நான் வாங்குறதே இல்லம்மா" என்றார்.

அப்படியானால் இன்றைக்கே கிளம்பிவிடுவது. சனிக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் போகிறது, பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்றார்கள், டாக்ஸி பிடிக்கலாம். டெல்ஃபியை அக்காவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். அப்பாவை எழுப்பிவிட்டு, "கவுண்டர் வரைக்கும் மெல்ல ஏறுங்க, பின்னாலேயே பையைக் கட்டிக்கிட்டு வாறேன்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கோவிலில் ஓதிக் கொடுத்த எண்ணெய்க் குப்பி, சொட்டு மருந்து, டெல்ஃபியின் பால் டம்ளர் எல்லாவற்றையும் பையில் திணிக்கும்போது படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி, ஒரு மூச்சு. ஜன்னலுக்கு வெளியே யாரோ சீட்டுக் கலைக்கிற சத்தமும் கேட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பையோடு மேலே வந்தபோது அப்பா கவுண்டரில் நின்று ரிஜிஸ்டரை வாசித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். கண் மங்கி ஆறு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்க்கிறார்.

"எம்பேர எவ்வளவு அழகா எழுதியிருக்க" என்றார். "சிஸ்டர்மாருக்குப் புண்ணியம்."

அந்த வரிகளுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. டக் படகின் லாக் புக்கில் எழுதுகிற சாய்ந்த எழுத்தில், மை காயாமல்: தொம்மை மச்சாது, எட்டாம் நம்பர், ஆள் ஒன்று. ஒருவர் பெயர் இரண்டு அறைக்குத் தலைப்பாக நிற்க முடியாது, கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்று கோவர்த்தனன் மெதுவாகச் சொன்னார். "ஐயாவே கேட்டாரும்மா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் எழுதுனாரு."

நான் கத்தினேன். பாத்திரக் கடைக்காரர்கள் எட்டிப்பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். டாக்ஸி வருகிறது, வீட்டுக்குப் போகலாம், உங்களுக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல பிள்ள. வீட்டுக்குப் போனா மூணு மாடி. ஏத்திக் கொண்டு வச்சிருவ. மறுபடி நான் எறங்கமாட்டேன், நீ எறங்க விடமாட்ட."

"நீங்க விழுந்துருவீங்கன்னுதானப்பா."

"தெரியும். உங்கம்மா விழுந்ததுலேருந்து நீ பயந்து பயந்து அடிச்ச கொண்டிதான அது. எட்டாதுன்னு நெனச்சியா? எட்டும். தடவிப் பாத்துருக்கேன், எத்தனையோ நாள். தொறந்தா நீ பதறுவன்னு கைய எடுத்துருவேன்." அவர் என் ஜெபமாலைக் கையைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தாறு வருஷம் தண்ணிக்கு அடியில வேலை பாத்தவன்டி நான். எறங்குறதுக்கு எனக்குப் பயமில்ல. உங்க ரூமுல இருந்து எறங்குனா உன்னையும் பச்சப் பிள்ளையையும்லா கூட்டிட்டுப் போயிருவேன், அதுக்குத்தான் பயம்."

நான் விடவில்லை. சட்டையைப் பிடித்தேன். வாசல் வரைக்கும் கொண்டுபோனேன். டாக்ஸிக்காரர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். சந்துக்கும் லாட்ஜுக்கும் நடுவில் நேற்று இல்லாத ஒரு படி இருந்தது, ஒரு சாண் உயரம். அப்பா அதில் காலை வைத்துப் பார்த்தார், பதினேழு படி ஏறி வந்த முட்டி அதற்கு மடங்கவில்லை, மறு காலை வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். நேற்று பஸ் பெயரெல்லாம் வாசித்தாரே, அதே சிரிப்பு. நான்தான் கையை எடுத்தேன். அதை நான்தான் செய்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் பதினேழாம் நம்பர் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. எட்டாம் நம்பர் சனிக்கிழமை காலை கவுண்டருக்குக் கீழ் இரண்டாம் ஆணியில் இருந்தது. டாக்டர் வரச்சொல்லியிருந்த நேரத்தில், சொட்டு மருந்தை எத்தனை மணிக்கு விட வேண்டும் என்று ஓட்டையில் குனிந்து சொன்னேன். சரி பிள்ள என்றார்.

இது நடந்து ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. வீட்டில் மேல் கொண்டியைக் கழற்றிவிட்டேன். ஆணி இருந்த ஓட்டை மட்டும் கதவில் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை டெல்ஃபியோடு மேகநாதாவுக்கு வந்து, தூத்துக்குடி மக்ரூன் டப்பாவையும் துவைத்த வேட்டிகளையும் வாளியில் வைத்து இறக்குகிறேன். மக்ரூன் உடையாமல் போகிறதா என்று கேட்டால், "வாத்தியார் உடைச்சுத்தான் தின்கார், பல் இல்ல" என்று குரல் வருகிறது. கீழே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம், பேப்பர் ஒரு வரி விடாமல் வாசிக்கிறாராம், சீட்டாட்டத்தில் உசிலம்பட்டிக் கிழவி ஏமாற்றுகிறாளாம். ஒச்சம்மா அக்காவின் மாமியார்தான் அது. மருமகளோடு பேசாமலேயே ஒரு நாள் கவுண்டருக்கு வந்து, பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே முதல் வரியில் எழுதிவிட்டாள். அக்கா இப்போதெல்லாம் அமாவாசைக்கு வந்து ஓட்டையில் அரைமணி நேரம் அவளோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறாள்.

நேற்று வந்தபோது ரிஜிஸ்டரில் டெல்ஃபி தன் பெயரைத் தானே எழுதுவேன் என்று அடம்பிடித்தாள், எல்.கே.ஜி. போகிறாள், எழுத்து வந்துவிட்டது. இரண்டாம் வரியைக் காட்டினேன். முதல் வரியில் என் பெயரை எழுதினேன், எப்போதும்போல, தனித்தனி எழுத்தாக.

இன்று காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினேன், படிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. கவுண்டருக்கு வந்து நின்றபோது கையில் ஒரு மணி மிச்சமிருந்தது. பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறுபடி மேலே போய் எண்ணிக்கொண்டு வந்தேன். ஐம்பத்திரண்டு. கோவர்த்தனன் என்னைப் பார்க்காமல் சாவிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெல்ஃபி ஓடிப்போய் ஓட்டையில் தலையை விட்டு, "தாத்தா" என்று கூப்பிட்டாள், அந்தச் சத்தம் போய்ச்சேர நேரம் பிடித்தது, திரும்பி வரவும் நேரம் பிடித்தது.

"ஏட்டி, வந்துட்டியா?"

மிச்சமிருந்த மணியை விரலுக்குள் அழுத்திக்கொண்டு குனிந்தேன்.

"வந்துக்கிட்டே இருக்கேன்பா."